மழை என்றால் ஜன்னலைத் திற

ஜனவரி 9

ஊமைக்கோட்டான் அவர்களுக்கு,

வாயாடி எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று போனில் கேட்டால் "ம்" என்பீர்கள். சாப்பிட்டீர்களா என்றால் "ம்". தேர்வு எப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் "ம்ம்" என்று கொஞ்சம் இழுத்தீர்கள். அந்த இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதுவதில் நல்ல மதிப்பெண், படிப்பதில் நல்ல மதிப்பெண், பேசுவதில் முட்டை. பேச்சுத் தேர்வுக்குப் போய் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தராகத்தான் இருக்கும்.

விளையாட்டில்லை, கேளுங்கள். இந்த முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கொடுத்தபோது தந்த அனுமதியில், கணவரை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு உயிர் இந்த வருடக் கடைசி வரைக்கும்தான். அதற்குள் நீங்கள் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் நான் இங்கே, நீங்கள் அங்கே. இல்லையென்றால் நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வர வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதையும் விட மனமில்லை, உங்களையும் விட மனமில்லை.

ஆகையால் இனிமேல் போன் வேண்டாம். கடிதம் போடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டுத்தான், ஆகா, இவர் பெரிய பேச்சுக்காரர் என்று நம்பி ஏமாந்தேன். அந்த ஆளிடம்தான் எனக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

நாலு மரபுத்தொடரை எடுத்து விட்டால் மதிப்பெண் தானாக ஏறும் என்று பயிற்சி மையத்தில் சொன்னதாகக் குறுஞ்செய்தியில் எழுதியிருந்தீர்கள். அது என் பொறுப்பு. இங்கே நான் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா, ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்தவர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஆயுசு முழுக்கச் சொன்ன குரல். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு போய்விட்டது. தண்ணீர் என்று கேட்கச் சொல் இல்லை. மகன் பெயர் இல்லை. ஆனால் மரபுத்தொடர்கள் மட்டும் முழுசு முழுசாக மிச்சமிருக்கின்றன. அடிக்கடி சொல்லித் தேய்ந்த தொடர்கள் மூளையில் வேறு இடத்தில் இருக்குமாம், டாக்டர் சொன்னார். வெள்ளம் அந்த அறைக்குள் போகவில்லை போலிருக்கிறது.

அதனால் ஸ்டேஷன் அம்மா எது வேண்டுமென்றாலும் கையில் கிடைத்த தொடரை எடுத்து நீட்டுவார். வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது "இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்றார். பூனையும் நாயுமாக மழை பெய்கிறதாம். புத்தகத்து அர்த்தம், வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. அம்மாவின் அர்த்தம், ஜன்னலைத் திற. இதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "பீஸ் ஆஃப் கேக்" என்பது புத்தகத்தில் தூசு மாதிரி சுலபமான வேலை. அம்மாவிடம், செருப்பை மாட்டிவிடு. "அண்டர் த வெதர்" என்றால் உடம்பு சரியில்லை. அம்மா சொன்னால் சூப் ஆறிப்போய்விட்டது.

நீங்கள் புத்தகத்து அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் பண்ணுங்கள். மற்றது சும்மா, நீங்கள் சிரிப்பதற்காக எழுதினேன்.

வாயாடி


பிப்ரவரி 2

அன்புள்ள வாயாடிக்கு,

மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டடத்தில் யாரும் மேலே கீழே போவதில்லை. எல்லா மாடியிலும் அலுவலகக்காரர்கள் மேசையில் தலை வைத்துக் கண்ணயர்ந்திருப்பார்கள். மோட்டார் சும்மா இருக்கும். கம்பிவடம் மட்டும் லேசாக முனகும். அந்த நேரத்தில் நானும் தரையில் அட்டையை விரித்துப் படுப்பேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படுத்தேன்.

பூனைகள் முதலில் வந்தன. அவை விழவில்லை, இறங்கின, லிஃப்ட் இறங்குவது போல நிதானமாக. நாய்கள் பின்னால் வந்தன. தெருவில் எல்லோரும் குடை விரித்து நின்றார்கள். ஒரு சாம்பல் பூனை என் கையில் இறங்கி, சட்டைப் பொத்தானில் மூக்கைத் தேய்த்தது. ஈரமே இல்லை. அந்தத் தெருவில் நான் எல்லோரிடமும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே நடந்தேன். என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது. தலையை ஆட்டிக் கேட்டார்கள். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் நீ நின்றுகொண்டு, "ஜன்னலைத் திறந்தாச்சு, வாங்க" என்றாய். விழித்தபோது மூன்றாவது மாடியில் யாரோ பொத்தானை அழுத்தியிருந்தார்கள், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தேர்வில் நடந்ததை நீ கடிதத்தில் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மையார் நல்லவர். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொல்லத்தான் நினைத்தேன். எந்த வீடு என்று குழப்பம் வந்துவிட்டது. நீ இருந்தபோது இருந்த வீடா, இப்போது இருக்கும் வீடா. இரண்டும் ஒரே விலாசம். யோசித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நாள் முழுக்க நான் வாய்விட்டுப் பேசுவது ஒரே ஒரு பேச்சுதான். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் மணியை அழுத்துவார். நான் போனை எடுத்து, "பயப்படாதீங்க, நான் மேலதான் இருக்கேன், இதோ வந்துட்டேன்" என்பேன். அதை மட்டும் நன்றாகச் சொல்வேன். இன்னும் சில தொடர்கள் அனுப்பு.

உன்
ஊமைக்கோட்டான்


பிப்ரவரி 27

ஊமைக்கோட்டானுக்கு,

கனவு காண உங்களுக்கு நேரம் இருக்கிறது. எனக்குப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். அதில் பூனை வந்தால்கூட என்னை எழுப்பாமல் திரும்பிப் போய்விடும். மத்தியானத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது.

ஆனாலும் உங்கள் கடிதத்தைத் தலையணைக்கடியில்தான் வைத்திருக்கிறேன். சும்மா சொல்லி வைக்கிறேன், தலைக்கு ஏற வேண்டாம்.

இந்தத் தடவைப் பாடம். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்". நிலா நீலமாக இருக்கும்போது ஒருமுறை. நாம் அத்தி பூத்தாற்போல் என்போமே, அதுதான். ஸ்டேஷன் அம்மா இதை வாசல் கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் சொல்கிறார். மகன் வந்திருக்கிறானா என்று கேட்கிறார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சலவைத் துணி வண்டி என்பேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்ப்பார். மகன் வராமல் இல்லை, வருகிறார், அத்தி பூத்தாற்போல்.

"கேட் காட் யுவர் டங்". பூனை உன் நாக்கைப் பிடித்துக்கொண்டதா. நம் ஊர்ப் பேச்சில், வாயில் என்ன கொழுக்கட்டையா. இது உங்களுக்கென்றே செய்தது. "பிரேக் எ லெக்". காலை உடைத்துக்கொள். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடை ஏறப்போகிறவருக்குச் சொல்லும் வாழ்த்தாம். அம்மா இதை நான் வேலை முடிந்து கிளம்பும்போது சொல்வார். போய் வா என்று அர்த்தம். கையைப் பிடித்துக்கொண்டு, ரயில் வரப்போகிறது என்று அறிவிக்கும் அதே பெரிய குரலில் சொல்வார். நடைவழியில் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் சமையல் பகுதியில் வேலை செய்யும் என் கூட்டாளியும் இதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தோம். இங்கே என்னை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. நான் வந்தால் இடம் கலகலப்பாகிறதாம்.

மே மாதத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்களா? ஒரு வரி எழுதுங்கள். கனவுக்கு நாலு பக்கம், காரியத்துக்கு ஒரு வரியாவது.

வாயாடி


மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

பெயர் கொடுத்துவிட்டேன். இது அந்த ஒரு வரி.

நீல நிலாவும் கனவில் வந்தது. கட்டடத்தின் உள்ளே, லிஃப்ட் போகும் அந்த உயரமான கூட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. நான் லிஃப்டின் கூரைமேல் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு மேலே போனாலும் நிலா ஒரு மாடி தள்ளியே இருந்தது. பக்கத்தில் ஒரு வயதான அம்மா மடியில் கைப்பையுடன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச வரவில்லை, எனக்கும் வரவில்லை. ரொம்ப நேரம் சேர்ந்து நிலாவைப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

பயிற்சி மையத்துப் புத்தகத்தில் நானும் ஒரு தொடர் கண்டுபிடித்தேன். "எலிஃபன்ட் இன் த ரூம்". அறைக்குள் யானை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் போவதற்கு இப்படிச் சொல்வார்களாம். அன்று மத்தியானமே யானை வந்தது. நம் வீட்டில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், நமக்கு இடைஞ்சல் தரக்கூடாதே என்று காதைக்கூட அசைக்காமல் நின்றது. நீ அதன் காலைச் சுற்றித் தரையைப் பெருக்கினாய். நான் அதன் வாலில் துண்டைப் போட்டேன்.

எழுந்ததும் அது என்ன யானை என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். போன மாதம் விளக்கு வைக்கும் நேரத்தில், போன் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நீ ஒருநாள் போன் செய்தாய். பின்னால் யாரோ ஏதோ சொல்ல, நீ ஆங்கிலத்தில் பதில் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்திருப்பாய் என்று தோன்றியது. என்னிடம் நீ பேசிய காலத்தில் நிறையப் பேசினாய், கோபித்தாய், கிண்டல் செய்தாய். அப்படிச் சிரித்ததில்லை. நான் அங்கே வந்தால் அந்த ஒரு அறையில் நீ, நான், சிரிக்கிற அந்தப் பெண் என்று மூன்று பேர் இருப்போம். அவளிடம் நான் என்ன பேசுவேன்?

உன்
ஊமைக்கோட்டான்


ஏப்ரல் 8

யானையாவது பூனையாவது. தேர்வுக்கு நாள் நெருங்குகிறது, நீங்கள் பீரோவுக்குப் பக்கத்தில் யானை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் சிரித்தது தப்பா? நாள் முழுக்க அடுத்தவர்களைக் குளிப்பாட்டி, துடைத்து, தூக்கி உட்கார வைக்கிறவள். சிரிக்காவிட்டால் இங்கே ஒருநாள் ஓட்ட முடியாது. அதைப் போய் மனசில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து எழுதுகிறீர்கள். அப்போதே போனில் கேட்டிருக்கலாம். கேட்கமாட்டீர்கள், "ம்" என்பீர்கள்.

எழுத வேண்டிய பாடம் இரண்டு. "பட்டர்ஃப்ளைஸ் இன் த ஸ்டமக்". வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி. நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும், இவர்களுக்குப் பட்டாம்பூச்சி பறக்கும். பயம் ஒன்றுதான். இன்னொன்று "கோல்ட் ஃபீட்". பாதம் சில்லிட்டுப் போவது. ஒரு காரியத்தில் இறங்கும் சமயத்தில் உதறல் எடுத்துப் பின்வாங்குவதற்குச் சொல்வது. இதை மட்டும் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டாம்.

ஸ்டேஷன் அம்மா நேற்று என் முகத்தைப் பார்த்து "அண்டர் த வெதர்" என்றார். சூப் சூடாகத்தான் இருந்தது. என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

வாயாடி


மே 21

அன்புள்ள வாயாடிக்கு,

பேசினேன். நம்பினால் நம்பு. பேச்சு என் வாயிலிருந்து தானாக வந்தது.

இந்தத் தடவை எதிரே ஒரு இளைஞர். அறை சின்னது, புழுக்கம் தாங்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். வயிற்றில் உன் பட்டாம்பூச்சிகள் எல்லாம் எழுந்தன. வாயைத் திறந்தேன். "இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்றேன். அவர் திகைத்துப்போய் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடி மங்கலாக இருந்ததால் எழுந்து போய் ஜன்னல் கதவைத் திறந்து வெளியே பார்த்தார். மண்டையைப் பிளக்கும் வெயில். ஆனால் நல்ல காற்று வந்தது. எனக்கு அவர்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

அப்புறம் நிற்கவே இல்லை. இங்கே வருவது சிரமமாக இருந்ததா என்று கேட்டார். புதுச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது, காலைக் காட்டி "பீஸ் ஆஃப் கேக்" என்றேன். குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். நடைவழியில் யாரோ கதவைச் சாத்தினார்கள். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கிளம்பும்போது கையைப் பிடித்துக் குலுக்கி, உரத்த குரலில் "பிரேக் எ லெக்" என்றேன். அவர் மேசைக்கடியில் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

புத்தகத்து அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. எழுதிக் கேட்டால் இப்போதும் எழுதுவேன். பயந்த நேரத்தில் அது வரவில்லை. நீ வேலை செய்யும் அந்த அறைதான் வந்தது. அதன் ஜன்னல், சூப், செருப்பு, நீ. ஜனவரியிலிருந்து மத்தியானமெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

உன்
ஊமைக்கோட்டான்


ஜூன் 24

தேர்வு முடிவு உங்களுக்கு வந்திருக்கும். எனக்கும் நகல் வந்தது. "சூழலுக்குப் பொருந்தாத தொடர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதாமல் என்ன செய்வார்கள்?

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். முடிவு வந்த பிறகு மறுபடி படித்தேன். சிரிப்பு வரவில்லை. புத்தகத்து அர்த்தத்தை மட்டும் படியுங்கள் என்று தலையில் அடித்துச் சொன்னேன். தெரிந்தே ஒருத்தர் தப்பான பதிலைச் சொல்லிவிட்டு, சந்தோஷமாக இருந்தது என்று கடிதம் போடுகிறார். அதற்கு என்ன அர்த்தம்? வர மனசில்லை என்றால் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். கனவு, நிலா, யானை என்று என்னைச் சுற்றவிடாதீர்கள்.

நான் ஒருத்தி இங்கே கிறுக்கச்சி மாதிரி பெரிய அறை பார்த்து, ஜோடிக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒரு ஓரத்தில் படுத்துத் தூங்குகிறேன். இனிமேல் பாடம் கிடையாது.


ஜூலை 6

வாயாடிக்கு,

வேண்டுமென்று செய்யவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

ஆனால் நீ கேட்டது நியாயம்தான், வர மனசு இருக்கிறதா என்று. கனவில்லாமல் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நம் மொழியிலேயே எனக்குச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை வராது. அங்கே அந்த நாலும் இருக்காது. கடைக்குப் போனால் எனக்காக நீ பேசுவாய், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வேலை தேடிப் போனால் நீ கூட வந்து பேசுவாய். பகல் முழுக்கப் பேச முடியாத ஒருவரைப் பார்த்துக்கொண்டுவிட்டு நீ வீட்டுக்கு வந்தால், அங்கே இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். உனக்கு அங்கே நல்ல பெயர் இருக்கிறது, கலகலப்பு இருக்கிறது. அதன் நடுவில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினால் உனக்குப் பாரமாகிவிடுவேன். கொஞ்ச நாளில் என்மேல் உனக்கு இரக்கம் வரும். உன் கோபத்தைத் தாங்கிக்கொள்வேன், இரக்கத்தை என்னால் தாங்க முடியாது.

நீ இல்லாமல் எனக்கு நன்றாகவும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே காலையில் நான் விட்டுப்போன அமைதி அப்படியே இருக்கிறது. எனக்கு அமைதி பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். நீ பேசிக்கொண்டிருக்கும்போது சும்மா இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பரில் ஒரு தேர்வு இருக்கிறது. இந்த வருடத்துக்கு அதுதான் கடைசி. பெயர் கொடுக்கட்டுமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன்
ஊமைக்கோட்டான்


செப்டம்பர் 19

என்னங்க,

பலமுறை எழுதிக் கிழித்துப் போட்டேன். என்ன எழுதினாலும் அதட்டுகிற மாதிரியே வந்தது.

ஸ்டேஷன் அம்மாவுக்கு மறுபடி அடைப்பு வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த இன்னொரு அறைக்கும் இப்போது வெள்ளம் போய்விட்டது. மழையும் இல்லை, கேக்கும் இல்லை, நிலாவும் இல்லை. கதவுச் சத்தம் கேட்டால் கண் மட்டும் போகிறது. நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொள்கிறார், வாய் அசைகிறது, ஒன்றும் வரவில்லை. முதல் நாள் நான் நடைவழியில் நின்று அழுதேன். இங்கே அழக்கூடாது என்று விதி, அழுதேன்.

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனிமேல் இவருக்கு ஆங்கிலமும் ஒன்றுதான், வேறெதுவும் ஒன்றுதான், நம் மொழியிலேயே பேசுவோமே என்று தோன்றியது. ஆசையாகத்தான் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டீங்களா" என்று வந்தது. "உடம்பு எப்படி இருக்கு" என்று வந்தது. "பாத்துக்குங்க, வெச்சிடவா" என்று வந்தது. அதற்குமேல் வரவில்லை.

நான் சொல்வது புரிகிறதா? நான், வாயாடி. நீங்கள் "ம்" என்கிறீர்கள், "ம்" என்கிறீர்கள் என்று உங்களைத் திட்டினேன். போனில் நான் என்ன பேசினேன்? இந்த மூன்றைத்தான். அதற்கு "ம்" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வீர்கள்?

அம்மாவின் கட்டிலுக்கு மேலே, கூரை மூலையில், சிலந்தி கட்டி விட்டுப்போனது தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றியாவது பேசலாம் என்று பார்த்தால் அதற்கு நம் மொழியில் என்ன சொல் என்று வரவில்லை. ஆங்கிலத்தில் வருகிறது. வீட்டில் வாராவாரம் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு நான் அடித்தது. அறைக்கு வந்து, சோறு வைத்து, இறக்கி, பாதி சாப்பிட்ட பிறகுதான் ஒட்டடை என்று ஞாபகம் வந்தது. தட்டை வைத்துவிட்டு சத்தமாகச் சொன்னேன். ஒட்டடை, ஒட்டடை என்று. கேட்க ஆளில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

கடிதத்தில் இவ்வளவு எழுதுகிறாயே என்பீர்கள். கைக்கு வருகிறது, வாய்க்கு வரவில்லை. உங்களுக்கு எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா? எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நான் சிரிப்பதாக எழுதினீர்கள். ஆமாம், சிரிக்கிறேன். இந்த மொழியில் சிரிக்க வருகிறது. நன்றி சொல்ல வருகிறது. பரவாயில்லை, பரவாயில்லை என்று நாளெல்லாம் சொல்ல வருகிறது. சண்டை போட வரவில்லை. வந்த நாளிலிருந்து யாரோடும் நான் சண்டை போட்டதில்லை. நம்புவீர்களா? உங்களோடு ஒரு துண்டை ஈரமாகக் கட்டிலில் போட்டதற்கு எவ்வளவு பேசுவேன். எங்கிருந்தெல்லாம் வார்த்தை வரும். அந்தப் பெண்ணை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, வாஸ்தவம்தான். அவள் யாரிடமும் வாயைத் திறந்து ஒரு குறை சொல்வதில்லை, அதனால் பிடித்திருக்கிறது. எனக்கு அவளோடு தனியாக இருக்க முடியவில்லை.

நீங்கள் இங்கே வந்து எந்த மொழியிலும் பேச வேண்டாம். வேலை மெதுவாகக் கிடைக்கட்டும். நான் பேச வேண்டும். நான் பேசுவதை ஒரு ஆள் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உங்கள்மேல் எனக்கு இரக்கமெல்லாம் வராது. அதற்கு நேரம் இருக்காது.

பெயரைக் கொடுங்கள். இது அதட்டல் இல்லை, கேட்கிறேன்.

உங்கள்
வாயாடி


நவம்பர் 27

அன்புள்ள வாயாடிக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தேறிவிட்டேன். மயிரிழையில்தான், ஆனாலும் தேறிவிட்டேன். தாளின் நகல் இதோடு இருக்கிறது.

இந்தத் தடவை தொடர்கள் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. மத்தியானத்தில் படுத்தால் தூக்கமும் வரவில்லை, கனவும் வரவில்லை. மோட்டார் அறையில் உட்கார்ந்து உன் கடிதத்தையே படித்துக்கொண்டிருந்தேன். போன தடவைகளில் தேர்வு என்பது எனக்கு வைத்த சோதனையாக இருந்தது. இப்போது நான் உன்னிடம் வந்து சேர வேண்டிய வழியில் ஒரு அறை இருக்கிறது, அதைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான் என்று தோன்றியது.

எதிரே முதல் தடவை வந்த அதே அம்மையார். என்னை அவருக்கு ஞாபகம் இருந்தது. வாய் திறக்காத ஆளை மறக்க முடியாது போலிருக்கிறது. வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்கள் எதற்காக அந்த நாட்டுக்குப் போக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். இதற்குப் பயிற்சி மையத்தில் அழகான பதில் ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பச்சைப் புல்வெளி வரும், பறக்கும் சிறகு வரும், கேட்பவர் மனம் குளிரும். அது எனக்கு முழுசாகத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

சின்னச் சின்ன வார்த்தையாகச் சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். "என் மனைவிக்கு அங்கே சண்டை போட ஆள் இல்லை."

அம்மையார் குனிந்து எழுதப் போனவர் நிமிர்ந்தார். மறுபடி சொல்லுங்கள் என்றார். மறுபடி சொன்னேன். எதைப் பற்றிச் சண்டை போடுவீர்கள் என்று கேட்டார். துண்டைச் சொன்னேன். மின்விசிறியைச் சொன்னேன், உனக்கு ஓட வேண்டும், எனக்கு நிற்க வேண்டும். விருந்தாளி வந்தால் நான் எழுந்து மாடிக்குப் போய்விடுவதைச் சொன்னேன். நீ என்ன சொல்லித் திட்டுவாய் என்பதையும் சொன்னேன், ஆங்கிலத்தில் அதற்குச் சரியான வார்த்தை இல்லாததால் நம் மொழியிலேயே சொல்லி, பிறகு விளக்கினேன். மணி அடித்தது. நான் நிறுத்தவில்லை. "சார், நேரம் முடிந்துவிட்டது" என்று அவர்தான் சொன்னார். கதவு வரைக்கும் வந்து, சீக்கிரம் போய்ச் சேருங்கள் என்றார்.

டிக்கெட் விவரம் தனியாக அனுப்புகிறேன். குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்று எழுது.

ஒன்று மட்டும். ஜூலையில் நான் போட்ட கடிதத்துக்கு நீ செப்டம்பரில் பதில் போட்டாய். தபால்காரர் வண்டி கீழே நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாட்களில் நான் என்ன பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியாது. அதை எழுதப் போவதில்லை. நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

உன்
ஊமைக்கோட்டான்